அந்தரத்தில் நிற்கும் நாய்

என் கண்ணா, என் செல்லத் தம்பி,

உன்னிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும், சொல்லத்தான் ஆளைக் காணோம். அந்த நாய் தரையில் இறங்கிவிட்டது. முன்னங்கால்தான் முதலில். நீ சொன்னதுதான் சரி, நான் தோற்றேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ சின்னப் பையனாக இருந்தபோது எதிர்வீட்டு டிவியில் ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூன் ஓடியது. ஒரு குண்டு நாய் மாடியிலிருந்து குதித்தது. அது காற்றில் இருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. எல்லாரும் எழுந்து வந்துவிட்டோம். நீ மட்டும் இருண்ட பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய்.

"ஏலே, எந்திரிலே, சோறு ஆறுது" என்று இழுத்தேன்.

"இரு யக்கா, கரண்டு வந்துரும்" என்றாய். நான் விடாமல் எழுப்பிக் கூட்டிவந்துவிட்டேன். கரண்ட் வந்து நீ திரும்ப ஓடியபோது செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். முன்னங்கால்தான் முதலில் தரையைத் தொடும் என்று நீயும், நாலு காலும் ஒன்றாகத்தான் என்று நானும் அன்றைக்குப் பந்தயம் கட்டினோம்.

வளர்ந்து, சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கிற ஆபீசில் டிசைன் வேலைக்குப் போனாய். கையில் கம்ப்யூட்டர் வந்ததும் நீ தேடியது அந்த நாயைத்தான். கார்ட்டூன் எங்கும் கிடைக்கவில்லை, அதை வரைந்த தாள்கள்தான் கிடைத்தன. அந்தக் காலத்தில் ஒவ்வொரு அசைவையும் கண்ணாடி மாதிரித் தாளில் கையால் வரைந்து, பின்பக்கம் பெயிண்ட் அடித்துப் படம் பிடிப்பார்களாம். செல் என்று அதற்குப் பெயராம். அசல் செல்கள் இன்டர்நெட்டில் ஏலத்துக்கு வரும். சிங்கப்பூரில் இருக்கிற சித்தி மகன் தயவில் ஒவ்வொன்றாக எடுத்தாய். மாடி விளிம்பில் நாய், காற்றில் நாய், காது விரிந்த நாய். தீபாவளி போனஸில் மற்றவர்கள் பைக் வாங்கினார்கள், நீ நாய் வாங்கினாய். "இந்தக் கூத்த எங்கன போய்ச் சொல்ல?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் இறங்குகிற தாள் மட்டும் ஏலத்துக்கு வரவே இல்லை.

அப்புறம் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாட்டு மருந்து கொடுத்தோம், மதுரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உன் கண் மஞ்சளாகிக்கொண்டே போனது, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்ய முடிந்தது என்னால்?

நீ போன பிறகு ஆபீசில் உன் மேஜையைக் காலி செய்து, அதில் நீ பத்திரமாக வைத்திருந்த செல்களை வீட்டில் கொடுத்துவிட்டார்கள். அங்கே ஏசி அறை. நம் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கோடை வந்ததும் பெயிண்ட் இளகி, இடையில் வைத்திருந்த வெள்ளைத் தாளோடு ஒட்டிக்கொண்டது. ஒன்றை மெதுவாகப் பிரித்தேன், நாயின் ஒரு கால் தாளோடு வந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் வைத்தேன், பீரோவில் வைத்தேன், ஃபேன் காற்றில் வைத்தேன். நம்ம பக்கத்து வெயிலிடமிருந்து எதைத்தான் ஒளித்துவைக்க முடியும், சொல்லு?

அந்தச் சமயத்தில்தான் உன் சேக்காளி பால்பாண்டி மூச்சிரைக்க வந்து நின்றான். "யக்கா, எறங்குற தாளு ஏலத்துக்கு வந்துருக்கு!"

பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தோம். படம் மேலிருந்து மெதுவாகத் தெரிந்தது. காது, முதுகு, வால், கடைசியில் கால். முன்னங்கால் இரண்டும் மண்ணில். நான் அழுத அழுகையில் சென்டர்காரர் பயந்து ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டார். கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா அந்த நாய்? நாங்களும் ஏலத்தில் விலை கேட்டுப் பார்த்தோம். அமெரிக்காவில் யாரோ ஒரு பெரியவர் எங்களைத் தாண்டிக்கொண்டே போனார். "இதுக்கு மேல முடியாதுக்கா" என்று பால்பாண்டி கையை எடுத்துவிட்டான்.

மனசு கேட்காமல் அவருக்கே உன் கதையை எழுதிப் போட்டான். பதில் வந்தது. இத்தனை வருஷமாக ஏலத்தில் உன்னிடம் தோற்றவர் அவர்தானாம். அவரிடம் குளிர் அறை இருக்கிறதாம். உன்னிடம் உள்ளதையும் அனுப்பினால் வரிசையாகச் சேர்த்து, ஓடுகிற படமாக எடுத்து அனுப்புவாராம். கொடுத்தால் நாய் இறங்கும், ஆனால் நம் வீட்டில் இருக்காது. வைத்துக்கொண்டால் இங்கேயே உரிந்து உதிரும். ஒரு கனவிலாவது வந்து சொல்லியிருக்கலாம் நீ.

அம்மாதான் சொன்னாள். "குடுத்துருடீ. இதுவும் நம்ம கண்ணு முன்னால போக வேணாம்."

கூரியர்காரர் வாங்க மாட்டேன் என்றார். "சிவகாசி பார்சலா? பட்டாசு இல்லைல?" பிரித்துக் காட்டினேன். ஒன்றைத் தூக்கி டியூப்லைட்டில் பார்த்துவிட்டு, "நாய்ப் படமா?" என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

கால் ஒட்டிய வெள்ளைத் தாளை மட்டும் நான் அனுப்பவில்லை. படம் ஓடும்போது ஓரிடத்தில் நாய்க்கு அந்தக் கால் இருக்காது. "கண்ணுக்கே தெரியாதுக்கா, அம்புட்டு வேகமாப் போயிரும்" என்றான் பால்பாண்டி. எனக்குத் தெரியும்.

படம் வந்ததும் நான் போய்ப் பார்ப்பேன், தம்பி. நடுவில் கரண்ட் போனால் எழுந்து வரமாட்டேன். யார் வந்து இழுத்தாலும் சரி, சோறு ஆறினாலும் சரி, கரண்ட் வருகிறவரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

அன்றைக்கு உன்னை எழுப்பிக் கூட்டிவந்த
உன் அக்கா