உன் அம்மாவுக்கு இரும்பு ஏறிய கதை

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அம்மாவும் சுகம்தான், என்றைக்கும் இல்லாத சுகம், இந்த வீட்டைப் பிடித்த கேடே அதுதான். அவள் உனக்கு ஏதேதோ சொல்லியிருப்பாள். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுவதும் படி.

போன வருடத்திலிருந்தே அவள் ஒரு வேலைக்கும் உதவாமல் போய்விட்டாள். தையல் கடையிலிருந்து மாடிக்கு ஏறினால் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவாள், கேட்டால் மூச்சு வாங்குகிறதாம். தைத்த துணிக்கு இஸ்திரி போடச் சொன்னால் நின்றபடியே தூங்கி வழிந்து, வக்கீலுடைய புதுக் கால்சட்டையில் பெட்டியின் அச்சு அப்படியே விழுந்தது. அன்றைக்கு இரண்டு வார்த்தை கூடத்தான் பேசிவிட்டேன். அடித்தேன் என்று சொல்லியிருந்தால் நம்பாதே, அளவுகோலால் மேசையைத்தான் அடித்தேன், அவள் கை அங்கே இருந்தது. இதற்கிடையில் துணியில் கோடு போடும் சாக்பீஸ் வெட்டு மேசையிலிருந்து காணாமல் போக ஆரம்பித்தது. காஜா எடுத்துப் பட்டன் தைக்க ஒருத்தி வருவாளே, உன் பள்ளிக்கூடச் சட்டைகளுக்கெல்லாம் பட்டன் தைத்தவள், அவள்தான் பிள்ளைகளுக்கு எடுத்துப் போகிறாள் என்று நினைத்து, நாலு பேர் முன்னால் பையைக் கொட்டச் சொன்னேன். ஒரு சீப்பும் சாப்பாட்டு டப்பாவும்தான் விழுந்தன. பையில் இல்லையென்றால் வீட்டில் இருக்கும் என்று வேலையை விட்டு அனுப்பிவிட்டேன். உன் அம்மா வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் காஜாக்காரி போன பிறகும் சாக்பீஸ் குறைந்துகொண்டே வந்தது. ஒரு மதியம் துணிச் சுருள்களுக்குப் பின்னால் கறுக் கறுக்கென்று சத்தம், எலி என்று செருப்பைத் தூக்கிக்கொண்டு போனால் உன் அம்மா, உதடெல்லாம் வெள்ளை. எனக்கு வந்த சிரிப்பில் கடையில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். "பாருங்க, கட்டுன புருஷன் சோறு போடலன்னு சாக்பீஸ் திங்கிறா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சீருடையைப் பிரித்துத் தைக்கக் கொண்டுவந்த ஒரு நர்ஸ் மட்டும் சிரிக்காமல் வந்து, உன் அம்மாவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள். "அக்கா, இது பைத்தியம் இல்ல, ஒடம்புல இரும்பு வத்திப் போனா சிலருக்கு இப்படித்தான் கண்டதையும் திங்கத் தோணும், மொதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க" என்று சொல்லிக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியைத் தூக்குகிறவளுக்கு இரும்பு பற்றவில்லையாம், இதை நான் வழியெல்லாம் சொல்லிச் சிரித்தேன். தனியாக விட்டால் என்ன சொல்லி வைப்பாளோ என்று நானும் கூடவே போனேன். ரத்தம் எடுக்கிற பெண்ணுக்கு நரம்பே அகப்படவில்லை, இரண்டு கையிலும் மாற்றி மாற்றிக் குத்தினாள், உன் அம்மா முகம்கூடச் சுளிக்கவில்லை. ஊசி பிடிக்கத் தெரிந்தவன் நான் இருக்கிறேன், வேண்டுமானால் கொடு என்றேன், அந்தப் பெண்ணுக்கு வேடிக்கை புரியவில்லை.

மறுநாள் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, ரத்தத்தில் ஹீமோகுளோபின் பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டியது ஆறுதான் இருக்கிறது, உடம்பில் சேர்த்து வைத்த இரும்பு துடைத்த மாதிரி இருக்கிறது என்றார். உதிரப்போக்கு எவ்வளவு நாளாக அதிகம் என்று கேட்டதற்கு உன் அம்மா இரண்டு வருடமாக என்றாள். வீட்டில் சொல்லவில்லையா என்றார். "சொன்னேன் டாக்டர், கடை தொறக்க நேரமாச்சுன்னாரு" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன். அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை, சொல்லியிருந்தாலும் நேரமானது பொய்யா?

உதிரப்போக்கை நிறுத்த மருந்து கொடுத்தார்கள், நரம்பு வழியாக இரும்பு ஏற்றினார்கள், பிறகு மாத்திரை. சில மாதத்தில் கன்னத்தில் நிறம் வந்தது, கூடவே வாயும் வந்தது. ஒரு நாள் காலையில் அந்தக் காஜாக்காரியைக் கூட்டிவந்து கடை நடுவில் நிறுத்தி, "நான் தின்னதுக்கு இவ திருடின்னு பேர் வாங்குனா. அன்னைக்கு வாயத் தொறக்க எனக்குத் தெம்பில்ல. நான் இவ கால்ல விழுந்துட்டேன், நீங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். என் கடையில் நின்றுகொண்டு வேலைக்காரியிடம் நான் மன்னிப்புக் கேட்பதா? இரண்டு பேரும் வெளியே போங்கடி என்றேன். சும்மா மிரட்டத்தான் சொன்னேன், போய்விட்டார்கள். உன் அம்மாவுடைய தையல் மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு, தெருவே பார்க்க நடந்து போனார்கள். இப்போது பின் தெருவில் அந்தக் காஜாக்காரி வீட்டு முன்னறையில் சேர்ந்து தைக்கிறார்கள், பெண்கள் துணியெல்லாம் அங்கேதான் போகிறது. நான் கூப்பிடாமல் இல்லை. வாசலில் நின்று, ஊர் சிரிக்கிறது வா என்றேன். "அன்னைக்கும்தான் சிரிச்சாங்க" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள், தலையைக்கூடத் தூக்கவில்லை.

யோசித்துப் பார்த்துவிட்டேன், எல்லாவற்றுக்கும் காரணம் அந்த மாத்திரைதான். உன் பேச்சை அவள் தட்ட மாட்டாள். நீ போன் செய்து, ரத்தம் ஏறியது போதும், இனிமேல் மாத்திரையை நிறுத்திவிடு என்று பக்குவமாகச் சொல். பழைய உடம்பு திரும்பிவிட்டால் போக்கிடம் இல்லாமல் தானாக வந்து சேருவாள். நான் ஒன்றும் கேட்க மாட்டேன், சேர்த்துக்கொள்வேன், அவ்வளவு கெட்டவன் இல்லை உன் அப்பா.

நீ நிறைந்து வாழ வேண்டும், உன் வீட்டில் விளக்கு அணையக் கூடாது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கொஞ்ச நாளாக நீயும் களைப்பாக இருக்கிறது என்று படுத்துக்கொள்கிறாயாம், மாப்பிள்ளை வருத்தப்பட்டார். ரத்தம் டெஸ்ட் அது இது என்று எங்கேயும் போய் நிற்காதே. அவர் நல்ல பிள்ளை.

என்றும் உன் நன்மையை மட்டுமே நினைக்கும்,
அப்பா