மூன்று படி மேலே

அன்புள்ள மகனுக்கு,

உன் அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நலம், நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கினால் அதுவே எனக்குப் போதும். தங்கை ஏன் போனில் பேச வரவில்லை என்று கேட்டாயே, தலைவலி என்று நான் சொன்னது பொய். பாட்டுப் பள்ளியில் ஆசிரியை வேலைக்குப் பாடிக்காட்டிவிட்டு வந்ததிலிருந்து நேற்று வரை பன்னிரண்டு நாளாக அவள் ஒரு வரி பாடவில்லை, தன் குரல் இவ்வளவுதான் என்று முடிவுகட்டி, மருந்துக்கடையில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

நடந்தது இதுதான். எங்களுக்கு முன்னால் அந்தப் பள்ளியின் கீபோர்டில் வேறொரு பெண்ணுக்கு வாசித்தவன் ஒரு பொத்தான்காரன். பாடுகிறவர் தொண்டைக்குத் தக்கபடி சுருதியை ஏற்றவும் இறக்கவும் நான் முப்பது வருஷமாகத் தலைக்குள்ளேயே கணக்குப் போட்டு விரலை மாற்றுகிறேன், இந்தப் பிரகிருதிகள் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுப் பழகிய கட்டைகளையே தட்டிக்கொண்டிருப்பார்கள், மீதியைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். லிஃப்டில் போய் இறங்கிவிட்டு மலை ஏறினேன் என்பது போல. நீ அனுப்பிய கீபோர்டில் அந்தப் பொத்தான்மேல் நான் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருப்பது உனக்குத் தெரியும். அந்தப் புண்ணியவான் மூன்று படி ஏற்றி வைத்ததை இறக்காமலே எழுந்து போய்விட்டான். நான் உட்கார்ந்து உன் தங்கையின் சுருதியில் கை வைத்தேன், பெட்டி மூன்று படி மேலே கத்தியது. என்னை நம்பி அவளும் அங்கேயே பிடித்தாள், உச்சியில் குரல் உடைந்து பாதியில் நிறுத்திவிட்டாள். எதிரே மூன்று நடுவர்கள், ஒருவர் காது குடைந்துகொண்டிருந்தார், ஒருவர் போனுக்குள் இருந்தார், மூன்றாவது ஆள் குரல் இன்னும் பக்குவப்படவில்லை என்றார். சுருதி எது, சுவர்க்கடிகாரம் எது என்று தெரியாத மகான்கள்.

எழும்போதுதான் பெட்டியில் மூன்று என்ற எண் எரிவதைப் பார்த்தேன். அவள் காதில் விழாமல் உன் அம்மாவிடமும் மாமாவிடமும் மட்டும் சொன்னேன். அச்சகத்தில் பிழை திருத்துகிற உன் மாமா, எழுத்து முன்பின்னாக விழுந்தால் இடம் மாற்றச் சொல்லி ஒரு வளைவு போட்டால் தீர்ந்தது, இதற்கு ஏன் அத்தான் இத்தனை புலம்பல் என்றார், பக்கத்துக்கு நாலு பிழை விடுகிற மனிதர். பிறகு மருமகள் வேலை பார்க்கும் வார்டில் இதயத்தின் இரண்டு பெரிய குழாய்களும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைகளையே பிழைக்க வைக்கிறார்களாம் என்று அதையும் எடுத்துவிட்டார், நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். உன் அம்மா பின்னாலேயே வந்தாள். கணக்கு டீச்சர் அல்லவா, அவளுக்கு எல்லாமே கரும்பலகைதான்.

"சமன்பாட்டுல ஒண்ணை இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் தள்ளினா குறி மாறணும். நீங்க எதையும் மாத்தாம எல்லாத்தையும் அந்த ஆள் பக்கம் தள்ளிட்டீங்க. முதல் சுரத்துலயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

தெரிந்தது. அதை உனக்கும் எழுதிவிடுகிறேன். நிறுத்தினால், பொத்தானைப் பார்க்கத் தெரியாத கிழவன் என்று அந்த மூன்று பேரும் சிரிப்பார்களே என்று வாசித்துக்கொண்டே போனேன். என் பிள்ளையின் தொண்டை திணறுவது காதில் விழ விழ வாசித்தேன். இந்தக் கடிதத்தில் நான் திட்டிய யாரும் அவளுக்கு அதைச் செய்யவில்லை.

நேற்று அவளிடம் சொல்லிவிட்டேன். "பன்னிரண்டு நாளா என் தொண்டையைத் திட்டிட்டு இருந்தேன்ப்பா" என்றாள், அவ்வளவுதான். நடுவர்களுக்கு உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், வரும் வியாழக்கிழமை மறுபடி பாடச் சொல்லியிருக்கிறார்கள். காது குடைகிறவர்தான் முதலில் சரி என்றார், அதற்காக அவரைப் பற்றிய என் அபிப்பிராயம் மாறிவிடாது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் வியாழக்கிழமை காலையில் தங்கைக்குப் போன் செய். பிளாஸ்திரியை உரித்துவிட்டாள். அவளே வாசித்துக்கொண்டு பாடப்போகிறாளாம், நான் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்காரலாமாம்.

இப்படிக்கு,
உன் அப்பா