ரித்திகாவின் கல்யாணப் பத்திரிகை

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நம் தம்பி கதிர்வேல் வழக்கில் நேற்று உத்தரவு வந்துவிட்டது. அவனுக்கு அரசாங்கமே மனநல சிகிச்சை கொடுத்து, தங்க ஒரு இல்லமும் ஏற்பாடு செய்ய வேண்டுமாம். நான்கு வருடம் என் ஒற்றை அறையில் வைத்துப் பார்த்துவிட்டேன், இனி என்னால் ஆகாது என்றுதான் மனுவில் எழுதியிருந்தேன்.

"வேற சொந்தக்காரங்க யாரும் பாத்துக்க மாட்டாங்களாம்மா?" என்று நீதிபதி கேட்டார். கணபதி ஏரியாவில் உங்கள் வீட்டு மாடி பூட்டிக் கிடப்பதை நான் சொல்லவில்லை. நான் கொடுத்திருந்த உங்கள் மகள் கல்யாணப் பத்திரிகையை வக்கீல் நீட்டினார். தாய்மாமன் முதல் உங்கள் பட்டறை மேஸ்திரி வரை நாற்பது பெயர்கள். நீதிபதி இரண்டு முறை தேடினார். கூடப்பிறந்தவன் பெயர் இல்லை. அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

உங்கள் புண்ணியத்தில் அவனுக்கு வீடு கிடைத்தது.

அந்தப் பத்திரிகையை அவன் கோர்ட்டில்தான் முதல் தடவையாகப் பார்த்தான். வெளியே வந்ததும், "நம்ம ரித்திகா கண்ணுக்குக் கல்யாணமுங்களாக்கா? நானும் வாரேனுங்க" என்றான்.

கல்யாணம் முடிந்து ஏழு மாதம் ஆகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பத்திரிகையில் பெயர் இருந்த தங்கை