அட்டையில் ஒரு கட்டம்

8.3.93, திங்கள்

இல்லை, மதினி எழுதவில்லை. நான்தான். சுவரில் தொங்கும் டைம்டேபிள் அட்டையில் இருப்பது என் கையெழுத்து. போன ஜூனில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டதும், பச்சை மையில் தலைப்பு எழுதியதும் நான். அண்ணன் மகள் தேவிக்காக. ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. எம்.ஏ. படித்த அத்தை வீட்டில் சும்மாதானே இருக்கிறாள், பிள்ளைக்கு ஒரு ஒழுங்கு பண்ணட்டும் என்றார்கள். பண்ணினேன்.

மா. 4.30 வேன், பால்
5 கணக்கு
5.45 விளையாட்டு (மாடி)
6 இந்தி
7 வீட்டுப்பாடம்

மாசி முடியவில்லை, அதற்குள் இந்த வெயில். சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். தேவி தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி செய்யிற?"

"விளையாட்டு அத்தை. இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு."

துணிக்குப் போடும் நீலம் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

10.3, புதன்

ஊரிலிருந்து சின்னையா. அண்ணன் கடையில் மிளகாய் மூட்டை இறக்கிவிட்டு வீட்டுக்கும் வந்தார். ஒரு செம்புத் தண்ணீர், ஒரே மூச்சில்.

"ஞாயித்துக்கெழம கம்மா அழியுது தாயி. தண்ணி முழங்காலுக்குத்தான் கெடக்கு. புள்ளையக் கூட்டிட்டு வாங்க."

"திங்கக்கெழம டெஸ்ட்டு இருக்கு மாமா" என்றாள் மதினி.

"டெஸ்ட்டு எங்கத்தா ஓடிரப் போகுது? மீனுதான் ஓடும்."

திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் ஊர்க் கண்மாய் பெருகுவது ஐந்தாறு வருடத்துக்கு ஒரு முறை. வற்றும்போது நாள் குறித்து, மீனை ஊருக்கே விட்டுவிடுவார்கள். அதுதான் கண்மாய் அழிவது. கரையிலிருந்து ஒருவர் துண்டை வீசுவார். அதுவரை யாரும் இறங்கக் கூடாது. வீசியபின் யாரையும் பிடித்து நிறுத்த முடியாது.

அடுத்த முறை தேவிக்குப் பதினைந்து ஆகியிருக்கும். சமைந்த பெண்ணை இறங்க விடமாட்டார்கள். ஆக, இந்த ஞாயிறு. இல்லையென்றால் இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் தேவி என் காதோடு வந்து, "அத்தை, ஞாயித்துக்கெழமக் கட்டத்துல கம்மான்னு எழுதிருங்க. அட்டையில இருந்தா அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாக" என்றாள்.

பார்ப்போம் என்றேன். பார்ப்போம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும்.

12.3, வெள்ளி

புழுக்கம். மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை.

எழுதிவிட்டேன். 'இந்தி ஒப்பித்தல்' மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, அதே பச்சை மையில்: ஞாயிறு, காலை, கண்மாய்.

மதினி பார்த்தாள். "எம்.ஏ. படிச்சவுக போட்டா அப்பீலு ஏது?"

கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம். பிறகு, மாவு கரைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "நானும் எங்க ஊரு பாலவனத்தத்துல கம்மாயே கதின்னு திரிஞ்சவதான். என்னத்தக் கண்டேன்? எட்டாப்புப் படிப்போட நின்னேன். இவ அப்படி நின்னுரக் கூடாது, அம்புட்டுத்தான்."

நானும் திரிந்தவள்தான். படித்தும் முடித்தேன். இப்போது அவள் கரைக்கும் மாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஒன்பது வயதில் ஒரு முறை கண்மாய் அழிந்தது. காலையில் போனவள் பொழுது சாய வீடு திரும்பினேன். இரண்டு கெண்டை, காலில் கருவேல முள், ஒரு பக்க ரிப்பன் காணோம். யாரும் தேடவில்லை. அது அன்பா, அலட்சியமா, இன்றுவரை தெரியவில்லை. தேடாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

மதினி கடைசியில்: "மத்தியானத்துக்குள்ள வந்துரணும். பழைய கவுனாப் போட்டுவிடு."

14.3, ஞாயிறு

கா. 5.50 வீரசோழன் போகும் பஸ். ஜன்னலோரம் தேவி. வழியெல்லாம் வாய்ப்பாடு முணுமுணுப்பு. போதும் என்றேன். நிறுத்திவிட்டாள்.

கரை கொள்ளாத கூட்டம். மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தா, வலை, கொசுவலை, கிழிந்த சேலை. சின்னையா தேவி கையில் ஒரு சின்னக் கூடையைக் கொடுத்தார். கூட்டத்தில் குரல்கள்.

"ஏலே, காலை உள்ள வைக்காத, துண்டு இன்னும் விழல!"

"நீ மொதல்ல வேட்டிய இறுக்கிக் கட்டுலே. போன தடவ ஊரே பாத்துச்சு."

சிரிப்பு. தேவியும் சிரித்தாள். அதைப் பார்த்தேன்.

துண்டு விழுந்தது.

ஒரு நொடியில் கரை காலி. கூச்சல், சேறு, கொக்குகள் எழுந்து பறந்தன. நான் திரும்பிப் பார்த்தேன். தேவி இடத்தைவிட்டு அசையவில்லை. குதிகால் இரண்டும் சேர்த்து, கூடையை நெஞ்சோடு அணைத்து, நேராக நின்றாள்.

"போடி."

போகவில்லை.

"பயமா இருக்கா?"

"இல்ல அத்தை. எம் பேர இன்னும் கூப்பிடலையே."

இங்கே யாரும் பேர் கூப்பிட மாட்டார்கள் என்றேன். யோசித்தாள்.

"அப்ப எப்பப் போகணும்னு எப்படித் தெரியும்?"

சேற்றுக்குள்ளிருந்து சின்னையா: "ஏத்தா, கரையில நின்னா மீனு ஏறியா வரும்?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. திரும்பி நின்று, வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல், முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன்.