ஐம்பதாவது குடும்பம்

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாவது காப்பீட்டுக் கம்பெனியின் பதிலும் வந்துவிட்டது. பெரியவளைச் சேர்த்துக்கொள்வார்களாம். சின்னவளையும் சேர்ப்பார்கள், ஆனால் மூச்சு சம்பந்தப்பட்ட எதற்கும் நான்கு வருடத்துக்கு ஒன்றும் கிடையாது. ஆறு வயதுப் பிள்ளை. இளைப்பைத் தவிர அவளுக்கு வேறு வியாதியே இல்லை.

அவர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "பல்லு வலின்னு போனா, பல்லைத் தவிர மத்ததெல்லாம் பாக்கிறோம்னு சொல்ற மாதிரி இருக்கு." சிரித்தோம். அவருடைய தொழிற்சாலை மூடி எட்டு மாதம். அங்கே இருந்தவரை அவர்கள் கொடுத்த ஒரே காப்பீட்டு அட்டையில் பிள்ளைகளுக்கும் வைத்தியம் நடந்தது. இப்போது சொந்தமாகச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். வண்டிக்குக் காப்பீடு இருக்கிறது. பிள்ளைகளுக்கு இல்லை.

மார்ச் 6, வியாழன்

இன்று எழுதும்போதே கை துள்ளுகிறது.

ஓட்டல் சலவைக் கூடத்தில் என்னோடு விரிப்பு மடிப்பவளுக்கு 'வானொலி' என்று பெயர். வாய் ஓயாது. "ஏங்க்கா, மூஞ்சி இஸ்திரி போடாத விரிப்பு மாதிரி கிடக்கு?" என்றாள். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். "தனியா போனா ஆயிரம் கேள்வி கேப்பாங்கக்கா. கூட்டமா போனா கேள்வியே இல்ல. எங்க அத்தான் டாக்சி ஓட்டுறவங்க சங்கத்துல அப்படித்தான் சேர்ந்தாரு. அவரு பொண்ணுக்கு இதயத்துல ஓட்டை. அதுக்கே குடுத்தாங்க."

வானொலி சொல்வதில் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்பது எங்கள் கூடத்துச் சட்டம். பாதி உண்மையாக இருந்தாலே போதுமே.

மார்ச் 7, வெள்ளி

முழுவதும் உண்மை.

சாப்பாட்டு நேரத்தில் காப்பீட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட அம்மாள் ஒருவர் பொறுமையாகச் சொன்னார். ஒரே முதலாளியிடம் வேலை செய்கிறவர்களில் பிள்ளைகள் உள்ள ஐம்பது குடும்பம் வேண்டும். முதலாளி கையெழுத்து வேண்டும். இருபத்தொன்றாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். அப்படிச் சேர்ந்தால் ஒரு பிள்ளைக்கு மாதத் தவணை என் பேருந்துச் செலவை விடக் குறைவு.

"இளைப்புக்கும் உண்டா மேடம்?"

"உண்டும்மா."

"நாலு வருஷம் காத்திருக்கணுமா?"

"முதல் நாள்ல இருந்தே உண்டு."

மறுபடியும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அந்த வரியின் கீழ் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தார். பேருந்தில் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு வந்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

சலவையில் நாங்கள் முப்பத்தொரு பேர். பிள்ளைகள் உள்ள வீடு இருபத்திரண்டு. எல்லாரும் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஓட்டலில் அறை துடைப்பவர்களும் சமையலறைக்காரர்களும் எங்களுக்குச் சம்பளம் கொடுக்கும் அதே காண்ட்ராக்டரின் ஆட்கள்தான். நாளை முதல் அந்தப் பக்கம் படையெடுப்பு. வானொலிக்கு அறைகள், எனக்குச் சமையலறை.

மார்ச் 12, புதன்

முப்பத்தேழு. கால் இரண்டும் கெஞ்சுகின்றன. மனசு இன்னும் ஓடு என்கிறது.

மார்ச் 14, வெள்ளி

வாசல் காவலாளி காலையில் கையை விரித்தார். "எம் புள்ளைங்க இரும்பு மாதிரிம்மா. ஒண்ணும் வராது." மதியம் அவரே தேடி வந்தார். "வீட்டுக்காரி போன்லயே கிழிச்சிட்டா. நாலு பேரையும் எழுதிக்குங்க." பிள்ளை நாலானாலும் குடும்பம் ஒன்றுதான். பாத்திரம் துலக்குகிறவரும் வந்து நின்றார். கல்யாணமே ஆகாதவர். "சும்மா ஒரு கணக்குக்கு என்னையும் போட்டுக்க முடியாதா?" என்றார். வானொலி விடவில்லை. "வர்ற வெள்ளிக்குள்ள உங்களுக்குப் பொண்ணு பாத்து, புள்ளையும் பெத்தாகணும்ணே. முடியுமா?" சமையலறையே சிரித்தது.

நாற்பத்தாறு.

மார்ச் 17, திங்கள்

பள்ளியிலிருந்து போன். சின்னவளுக்கு மூச்சு வாங்குகிறது.

இலவச ஆஸ்பத்திரி நடையில் மூன்று மணி நேரம். விலா எலும்பு உள்ளே போய் உள்ளே போய் வருது. பக்கத்துத் தெருவுலயே பிள்ளைங்க ஆஸ்பத்திரி இருக்கு — கண்ணாடிக் கதவு தெரியுது — அங்க தூக்கிட்டுப் போக முடியல. நான் என்ன அம்மா? "அம்மா, அழாத, எனக்கு மூச்சு வந்துடும்" என்கிறாள் அவள்.

கடைசியில் மருந்துப் புகை வைத்தார்கள். அடங்கியது. தூங்குகிறாள்.

மார்ச் 19, புதன்

நாற்பத்தொன்பது. ஓட்டல் முழுக்கச் சல்லடை போட்டாயிற்று. ஒரே ஒரு குடும்பம். ஒன்று.

மார்ச் 20, வியாழன்

கையெழுத்தாவது வாங்கி வைப்போம் என்று காண்ட்ராக்டரிடம் போனேன். சிடுமூஞ்சி என்று பெயர் எடுத்தவர். காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"நாளைக்கு எங்கிட்ட வந்து பணம் கேக்க மாட்டீங்களே?"

"மாட்டோம் சார். எங்க சம்பளத்துலதான் பிடிப்பாங்க. அந்தப் பக்கத்துல எழுதியிருக்கு பாருங்க."

"ஏற்கெனவே இருக்கிற நோய்க்கும் உண்டுன்னு போட்டிருக்கு. நிஜமா?"

"கோடு போட்டே குடுத்தாங்க சார்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து தணிந்த குரலில் பேசினார்.

"கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழிச்சுப் பொறந்தவன். ஏழு வயசு. சர்க்கரை. தினமும் நாலு ஊசி. எந்தக் கம்பெனியும் அவனை எடுக்க மாட்டேங்குது." காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "நானும் சேரலாமாம்மா?"

அங்கிருந்தே அலுவலக அம்மாளுக்குப் போன் போட்டேன். அவர் பெயரும் சம்பளப் பட்டியலில் இருந்தால் சேரலாம் என்றார். இருந்தது. பட்டியலில் முதல் பெயரே அவர்தான்.

இத்தனை நாள் எல்லாக் கதவையும் தட்டினேனே, இந்தக் கதவைத் தட்ட ஏன் தோன்றவில்லை? முதலாளி வீட்டில் என்ன குறை இருக்கப்போகிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

கொடுத்தாயிற்று. ஐம்பது குடும்பம், தொண்ணூற்றெட்டுப் பிள்ளைகள். அந்த அம்மாள் ஒவ்வொரு படிவமாகச் சரிபார்த்து முத்திரை குத்தினார். ஐம்பது 'டக்'. இதுவரை நான் கேட்டதில் இனிமையான சத்தம் அதுதான். வானொலி ஒரு வார்த்தை பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிசயம்தான்.

ஏப்ரல் 9, புதன்

அட்டைகள் வந்துவிட்டன. பெரியவள் தன் படம் கேவலமாக இருக்கிறது என்று சண்டை போடுகிறாள். அவர் இரண்டு அட்டையையும் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் பிடுங்கி என் பைக்கு மாற்றினேன். கூடத்தில் எல்லாருக்கும் கொடுத்து முடிக்க அரை நாள் ஆனது. மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மகன்கள் பெயரும் அதில் இருக்கிறதே.

மே 6, செவ்வாய்

பிள்ளைகள் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். முந்தாநாள் இருமல் தொடங்கியதுமே வந்துவிட்டோம். அட்டையைக் காட்டினேன், "உட்காருங்கம்மா" என்றார்கள். அவ்வளவுதான். சின்னவள் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு விடுகதை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

மதியம் நர்ஸ் வந்தாள். "இப்ப நல்லாத்தான் இருக்கா. ஆனா டாக்டர் இன்னும் ஒரு நாள் இருந்து பாக்கச் சொல்றாரு. என்ன சொல்றீங்க?"

பணத்துக்கு என்ன செய்வது என்று என் வீட்டுக்காரர் முகத்தைத் திரும்பிப் பார்க்காமலே, "இருந்துட்டே போறோம்" என்றேன்.