இடது கைக் கையெழுத்து

பங்குனி 18, புதன்

காலை ஒன்பதுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. டைரியைப் பேனா பிடித்து எழுத ஆகாது. போனில்தான், இடது கை ஒரு விரலால். பக்கவாதம் வந்து மூன்று வருடம். வலது கை அடுத்தவர் கை மாதிரி மடியில் கிடக்கிறது.

செய்ய: மாத்திரை. ஊனச் சான்று அட்டை நகல். அங்கன்வாடி டீச்சருக்கு போன்.

டீச்சர்தான் எங்கள் பூத்துக்கு அலுவலர். வீட்டிலிருந்தே தபால் ஓட்டு போட 12டி பாரம் அவளிடம்தான். சனிக்கிழமை கடைசி நாள். பௌர்ணமி கிரிவலக் கூட்டம், எங்கள் அடி அண்ணாமலைக்குள் வண்டி விடவில்லையாம். "எப்படியாவது வந்துடறேங்க்கா" என்றாள். வராவிட்டால்? மறுபடி அந்தப் பள்ளிக்கூடம்.

போன தேர்தலில் அங்கே சாய்தளம் இருந்தது. அது முடிகிற இடத்தில் ஒரு படி! இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். புடவை முழங்காலுக்கு மேல். வரிசையே பார்த்தது. உள்ளே துணைக்கு வந்த தம்பி சேகர், நான் சொன்ன சின்னத்தை விட்டுவிட்டுத் தன் கட்சிக்கே பொத்தானை அழுத்தினான். "வுடுக்கா, எல்லாம் ஒண்ணுதான்" என்று சிரிப்பு வேறு. இன்னும் ஆறவில்லை எனக்கு.

பங்குனி 20, வெள்ளி

டீச்சர் வந்தாள். நடந்தே. பாவம், வியர்வையில் குளித்திருந்தாள்.

"கைநாட்டு வச்சுடுங்கக்கா. சீக்கிரம் முடிஞ்சுடும்."

மாட்டேன் என்றேன். கூட்டுறவு வங்கியில் இருபத்தாறு வருடம் கிளார்க். கட்டைவிரலை மையில் அமுக்கவா? இடது கையால் போட்டேன். நண்டு ஊர்ந்த மாதிரி ஒரு "வசந்தா".

"வீட்டுக்கு ஓட்டு வாங்க வர்ற அன்னிக்கு உறுதிமொழி பாரத்துலயும் இதே மாதிரி போடுங்க. மாறியிருந்தா மேல கேள்வி கேப்பாங்க. இன்னொண்ணுக்கா, இதுல பேர் ஏறிட்டா பூத்துக்குப் போய்ப் போட முடியாது. அவங்களும் ரெண்டு தடவைதான் வருவாங்க."

சரி என்றேன். வேறு வழி?

பங்குனி 26, வியாழன்

கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கமெல்லாம் வசந்தா வசந்தா வசந்தா. ஒன்று போல இன்னொன்று இல்லை. "ந்" ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் சாய்கிறது.

மாலதி (சேகர் மனைவி) எட்டிப் பார்த்து, "இன்னா அண்ணி, பரீட்சையா?"

அவளுக்கு எப்படிப் புரியும். எப்போது குளிப்பது, என்ன சாப்பிடுவது, மின்விசிறி எத்தனையில் ஓடுவது, எல்லாம் மற்றவர்கள் முடிவு. இது ஒன்றுதான் என்னுடையதாக மிச்சம். அதுவும் போனால் நான் இந்த வீட்டில் ஒரு சாமான். அழுதேன். மூக்கைத் துடைக்கத் துண்டு எடுத்துத் தரவும் மாலதியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

சித்திரை 2, புதன்

நாசம்.

பிசியோவுக்குப் பெரியாஸ்பத்திரி போயிருந்தேன். திரும்பி வந்தால் மாலதி: "ஓட்டு வாங்கறவங்க வந்துட்டுப் போய்ட்டாங்க அண்ணி." இன்று வருவதாக சேகருக்கு நேற்றே போன் வந்ததாம்.

"மறந்துட்டேன்க்கா. கடையில ஜாஸ்தி கூட்டம்."

மறந்தானா? கடவுளே, கூடப் பிறந்தவனைப் பற்றி இப்படி நினைக்கிறேன். ஆனால் நினைக்கிறேன். நாளை மறுநாள் மறுபடி வருவார்களாம். அதுதான் கடைசி.

சித்திரை 4, வெள்ளி

காலை ஆறுக்கே நாற்காலியில். தண்ணீர் குடிக்கவில்லை, நடுவில் பாத்ரூம் வந்துவிட்டால்?

பதினொன்றரைக்கு வந்தார்கள். அதிகாரி, உதவிக்கு ஒரு பெண், போலீஸ், வீடியோ எடுப்பவர். முதலில் உறுதிமொழி. காலண்டர் தாளில் பழகிய மாதிரியே போட்டேன். அதிகாரி பார்த்தார், "கரெக்ட்டா இருக்குங்கம்மா" என்று தன் கையெழுத்தையும் போட்டார். கத்த வேண்டும் போல இருந்தது எனக்கு.

"ஓட்டு போட உதவிக்கு ஆள் வேணுங்களா?"

சேகர் அதற்குள் எழுந்துவிட்டான். "வேண்டாம், நானே போடறேன்" என்றேன். அவனை வெளியே நிற்கச் சொன்னார்கள். அட்டை மறைப்பு. பேனா. நானே டிக் அடித்தேன். மடித்தேன், கவரில் போட்டேன். அந்தப் பெண் ஒட்டிக் கொடுத்தாள். பெட்டிக்குள் போயிற்று. மதியம் இரண்டு கரண்டி சாதம் கூடச் சாப்பிட்டேன்.

அதே நாள், மாலை

அவர்கள் விட்டுப் போன விதிமுறைத் தாளைச் சும்மா படித்தேன். வாக்குச்சீட்டில் கையொப்பமோ, ஆளை அடையாளம் காட்டும் எந்தக் குறியுமோ இருந்தால் செல்லாது.

காலையில் என் டிக்கின் வால் பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விட்டது. அந்த வாலை அடித்தேன். அடித்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம். வங்கியில் யோசிக்காமலே செய்வது. "வ" என்று போட்டு ஒரு சுழி. அழகாகக்கூட வந்தது.

டீச்சருக்கு போன். "பொட்டி சீல் வச்சு அனுப்பியாச்சுங்கக்கா. வேற சீட்டு தர மாட்டாங்க. பூத்துலயும் உங்க பேர்ல போஸ்டல்னு குறிச்சிருக்கும்." பிறகு, "யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா."

யாரிடம் சொல்வேன்? சேகரிடமா? அவனைப் போட விட்டிருந்தால் தப்பான கட்சிக்காவது செல்லுபடியாகியிருக்கும். இந்த நினைப்பு வந்ததற்கே என்னை அறைந்துகொள்ளலாம். இருப்பது ஒரு கை.

சித்திரை 10, வியாழன்

ஓட்டு நாள். தெருவில் ஆட்டோக்கள். சேகரும் மாலதியும் மை விரலோடு வந்தார்கள்.

"எங்கள வுட நீதான்க்கா முந்திக்கின" என்றான். சிரித்து வைத்தேன்.

எண்ணும் நாளில் யாரோ ஒருவர் என் சீட்டைப் பிரிப்பார். அந்த "வ"வைப் பார்ப்பார். செல்லாததோடு சேர்த்துத் தள்ளி வைப்பார். அவர்மேல் தப்பில்லை. வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து எத்தனை பேரின் சீட்டைக் கையெழுத்து சரியில்லை என்று நான் திருப்பியிருக்கிறேன், முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல்.