பிரபுவுக்குத் தெரியாத பாஸ்வேர்டு

ஐப்பசி, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. பள்ளிக்குக் கிளம்பும்போது பிரபுவின் போன். அவரைப் பிரிந்து வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, அதே குரல். "போளூர் ஸ்கூல்ல வேலைக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கியாமே." யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட. வீட்டில் தனியாக உட்கார்ந்து லேப்டாப்பில் மெயில் அனுப்பினேன், அவ்வளவுதான்.

லேப்டாப் அவர் வாங்கிக் கொடுத்தது.

செவ்வாய்

எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர் ரெஹானாவிடம் காட்டினேன். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது. "அக்கா, நீங்க டைப் பண்றதெல்லாம் வேற எங்கயோ போவுது. இன்னும் என்னென்ன வெச்சிருக்காரோ. மொத்தமா அழிச்சிட்டு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுடலாம்."

அழித்தால் போட்டோ? வினாத்தாள்? "பென்டிரைவ்ல எடுத்து வெச்சிக்கோங்க."

வாங்க: துவரம்பருப்பு, சோப்பு, பென்டிரைவ்.

வியாழன், பௌர்ணமி

கிரிவலக் கூட்டம். பஸ்ஸை எங்கோ நிறுத்திவிட்டார்கள், ரெ. வேங்கிக்காலில் என் வீடு வரை நடந்தே வந்தாள். பழையது போயிற்று. புதியதில் எதுவும் இருந்த இடத்தில் இல்லை. தமிழில் அடித்தால் ஆங்கிலம் விழுகிறது. பிரிண்டர் மதிக்கவே இல்லை. இது பாதுகாப்பா, தண்டனையா?

வெள்ளி

மறுபடி போன். "கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணிட்ட போல. சரி, இன்டர்வியூ புதன்கிழமையாம்."

இன்டர்வியூ மெயில் காலையில்தான் வந்தது. எப்படி? எல்லாவற்றையும் மாற்றிய பிறகுமா? ரெ.யிடம் ஓடினேன்.

"மெயில் பாஸ்வேர்டு மாத்தலையாக்கா?"

மாற்றவில்லை. சிஸ்டத்தோடு அதுவும் மாறிவிடும் என்று நினைத்தேன்.

"அது வேற, இது வேறக்கா. பழைய பாஸ்வேர்டு தெரிஞ்சா எங்கேர்ந்து வேணா தொறந்து படிக்கலாம்."

சனி

பாஸ்வேர்டு. அம்மா பெயர், அவருக்குத் தெரியும். பிறந்த கீழ்பென்னாத்தூர், தெரியும். பிடித்த பூ, பள்ளித் தோழி, வளர்த்த நாய். எல்லாம் நானே சொன்னவை, கல்யாணமான புதிதில், ஆசையாக. தெரியாததாக என்னிடம் என்ன மிச்சம்? மதியம் முழுக்க யோசித்தும் ஒன்றும் வரவில்லை. அழுகை வந்தது.

ரெ. போனில் சொன்னாள்: "உங்களுக்குப் புடிச்சது எதுவுமே வேணாம்க்கா. சம்பந்தமில்லாத நாலு வார்த்தை போதும்."

ஜன்னல் வழியே கண்ணில் பட்டதைக் கோத்தேன். மற்ற இடங்களில் திறந்திருந்த மெயிலை எல்லாம் மூடச் சொன்னாள். மூடினேன். மூடியதா என்று சந்தேகம். மறுபடி மூடினேன்.

திங்கள்

போளூரிலிருந்து மெயில். இன்டர்வியூ வியாழனுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. இதையும் படித்திருப்பாரா?

புதன்

நல்ல வெயில். இடைவேளையில் பிரபுவின் போன். பின்னால் பஸ் ஹாரன்.

"எங்க இருக்கற? போளூர் ஸ்கூல் வாசல்லதான் நிக்கறேன். காணோமே?"

கேட்கிறார். எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவர் எப்போதும் சொல்லத்தான் செய்வார், கேட்க மாட்டார்.

"ஏய், உன்னத்தான். எங்க இருக்கற?"

போனை வைத்துவிட்டேன். வியாழனுக்குத் தள்ளிய மெயிலை அவர் படிக்கவில்லை. வந்தது பயமா சிரிப்பா தெரியவில்லை. வேலை கிடைத்தால் என்றாவது அவருக்குத் தெரியத்தான் போகிறது. அதற்கு என்ன செய்வது, அதுவும் தெரியவில்லை.

நாளை போளூருக்கு முதல் பஸ். ரெ. கூட வருகிறாள். புடவை இன்னும் இஸ்திரி போடவில்லை.